பந்திக்கும் பிந்து

புதிய வீடியோ கேமை வெளியான அன்றே முழு விலை கொடுத்து வாங்குகிறவர்கள் நீடூழி வாழவேண்டும். கிண்டல் இல்லை, மனதாரத்தான் சொல்கிறேன். அவர்கள் வாங்குகிறார்கள். குதிரை வானத்தில் தலைகீழாக நடப்பதைப் பார்க்கிறார்கள். உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கும் கதாபாத்திரத்துக்கு முகம் காணாமல் போய், இரண்டு கண்ணும் ஒரு வரிசைப் பல்லும் மட்டும் அந்தரத்தில் மிதப்பதைப் பார்க்கிறார்கள். கொதிக்கிறார்கள், திட்டுகிறார்கள், வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். கம்பெனி மன்னிப்புக் கேட்கிறது. பேட்ச் வருகிறது. அந்தப் பேட்ச்சைச் சரிசெய்ய இன்னொரு பேட்ச் வருகிறது. எல்லாம் ஓய்ந்து, கூடுதல் அத்தியாயங்களையும் சேர்த்துக் கட்டி, முக்கால்வாசி விலையைத் தள்ளி விற்கும் நாளில் நான் சட்டைப் பையைத் தடவிக்கொண்டு உள்ளே நுழைகிறேன். குதிரை தரையில் நடக்கிறது. எல்லோருக்கும் முகம் இருக்கிறது.

முகம் போன கதை என் கற்பனை என்று நினைக்கவேண்டாம். 2014இல் வந்த அஸாஸின்ஸ் க்ரீட் யூனிட்டியில் நிஜமாகவே நடந்தது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துப் பாரிஸ் நகரத்தைக் கல் கல்லாகக் கட்டியவர்கள், மூக்கை மறந்துவிட்டார்கள்.

பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். கேம் வெளியீடு இதில் எந்த வகை? விளம்பரத்தைப் பார்த்தால் பந்தி என்றுதான் தோன்றும். முன்பதிவு செய்கிறவர்களுக்குத் தங்க முலாம் பூசிய துப்பாக்கி ஒன்று இலவசம் என்பார்கள். வாசலிலேயே ஆளுக்கொரு துப்பாக்கி கொடுத்து உள்ளே அனுப்புகிற இடம் பந்தியாக இருக்க முடியாது என்பது என் கட்சி.

என் அக்கா மகன் எதிர்க்கட்சி. கல்லூரியில் முதலாம் ஆண்டு. ஜிடிஏ ஐந்தாம் பாகம் 2013இல் வந்தபோது அவன் அரிச்சுவடி எழுதிக்கொண்டிருந்தான். ஆறாம் பாகத்துக்காக இப்போது மீசையோடு காத்திருக்கிறான். மற்ற எந்தக் கேமுக்கும் அவன் காத்திருப்பதில்லை. போன வருடம் ஒரு கேமை முன்பதிவு செய்துவிட்டு, வெளியான அன்று ராத்திரி எங்கள் வீட்டுக்கு வந்தான். எங்கள் வீட்டு இணைய இணைப்பு அவர்கள் வீட்டைவிட வேகம். மொத்தம் 130 ஜிபி. 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழு கேமும் 40 கேபிதான். இவன் இறக்குகிற இடத்தில் முப்பது லட்சம் மாரியோக்களைக் குடிவைத்துவிட்டு மிச்ச இடத்தை வாடகைக்கு விடலாம். இதைச் சொன்னேன். "மாமா, தூங்குங்க மாமா" என்றான்.

விடியற்காலையில் எழுந்து பார்த்தால் பையன் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறான். "என்ன மாப்ள, ஆடியாச்சா?"

"ஷேடர் கம்பைல் ஆகுது மாமா. முப்பத்தெட்டு பர்சன்ட்."

இந்த ஷேடர் சமாச்சாரம் கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்களுக்கு மட்டுமே வாய்த்தது. பிளேஸ்டேஷன் என்றால் எல்லோரிடமும் ஒரே பெட்டி. வெளிச்சமும் நிழலும் தீட்டும் நிரல்களைக் கம்பெனியே முன்கூட்டித் தயார்செய்து கொடுத்துவிடலாம். கம்ப்யூட்டரிலோ ஒவ்வொருவர் வீட்டிலும் ஒவ்வொரு கிராபிக்ஸ் கார்டு, ஒவ்வொரு டிரைவர். ஆகவே அந்த வேலையை வாங்கினவன் வீட்டிலேயே செய்யவேண்டும். முழு விலை கொடுத்து வாங்கி, மீதிச் சமையலை நம் வீட்டு அடுப்பிலேயே செய்துகொள்ளும் ஏற்பாடு. நூறு பர்சன்ட் ஆனதும் கேம் திறந்தது, தயாரித்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகக் காட்டியது, மூடிக்கொண்டது. என் மனைவி அவனுக்குக் காபி கொடுத்தாள். நான் அருகில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன். ஆறுதல் சொல்லும்போது முகத்தில் மகிழ்ச்சி தெரியாமல் பார்த்துக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்பது என் கட்சிக்காரர்களுக்குத் தெரியும்.

ஊர் உலகம் அறிந்த உதாரணம் சைபர்பங்க் 2077. 2012இல் அறிவித்தார்கள். 2020 டிசம்பர் 10 அன்று வெளியிட்டார்கள். பழைய பிளேஸ்டேஷனில் அது ஓடிய லட்சணத்தைப் பார்த்து, சோனியே தன் ஆன்லைன் கடையிலிருந்து அதை சுமார் ஒரு வாரத்தில் தூக்கிவிட்டு, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு 2023 செப்டம்பரில் இரண்டாம் பதிப்பு என்று சொல்லத்தக்க ஒரு பெரிய திருத்தம் வந்தது. அன்றிலிருந்து அதே கேமை எல்லோரும் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள். எட்டு வருடம் காத்திருந்தவர்களால் இன்னொரு மூன்று வருடம் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

அவசரத்தின் ஆதி வரலாறு இன்னும் பழையது. 1982இல் ஸ்பீல்பெர்க்கின் ஈ.டி. படம் சக்கைப்போடு போட்டதும், கிறிஸ்துமஸுக்குள் அதை கேமாக்கவேண்டும் என்று அட்டாரி கம்பெனி ஹோவார்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒரே ஒரு புரோகிராமரிடம் கொடுத்தது. அவருக்குக் கிடைத்தது சுமார் ஐந்து வாரம். அந்த கேமில் ஈ.டி. நடப்பதைவிடக் குழியில் விழுவதுதான் அதிகம். விற்காமல் தேங்கியதை, வேறு பல கேம்களோடு சேர்த்து, நியூ மெக்ஸிகோவில் அலமோகோர்டோ என்ற ஊர்க் குப்பைக்கிடங்கில் புதைத்தார்கள். விழுந்து விழுந்து கடைசியில் கேமே குழிக்குள் போனது. ஆனால் 2014இல் தோண்டி எடுத்தபோது அதே கேசட்டுகள் அரும்பொருளாகிவிட்டன. சிலவற்றை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள், சிலவற்றை ஏலம் விட்டார்கள். போதுமான காலம் பிந்தினால் குப்பைக்கும் மதிப்பு வரும்.

கேமுக்குச் சொன்னது கம்ப்யூட்டருக்கும் பொருந்தும். என் கம்ப்யூட்டர் இதற்கு முன் சென்னையில் ஏதோ ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் பல வருடம் டைம்ஷீட் நிரப்பி ஓய்வுபெற்றது. கேபினட்டின் பக்கவாட்டில் 'மீட்டிங் ரூம் 3' என்ற ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது; உரிக்க மனம் வரவில்லை. எத்தனை வெட்டிப் பேச்சைக் கேட்டும் ஹேங் ஆகாமல் இருந்திருக்கிறது என்பதற்கு அதைவிட வேறு சான்றிதழ் வேண்டுமா? கம்பெனிகள் மொத்தமாகக் கழித்துவிடும் இந்த மாதிரிப் பெட்டிகள் கடைசியில் ரிச்சி தெருவுக்குத்தான் வரும். அண்ணா சாலையிலிருந்து திரும்பினால் நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு, வாலர்ஸ் ரோடு. எல்லாம் சேர்ந்து மக்கள் வாயில் ரிச்சி தெரு. மதுரையில் ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எழும்பூர். கடை திறக்க இன்னும் நேரம் இருக்கும். பிந்துகிறவனாக இருந்தாலும் ரிச்சி தெருவுக்கு மட்டும் முந்திப் போய்விடுவேன்.

2022இன் கடைசியில் அங்கே ஒரு பொற்காலம் வந்தது. அதற்கு முந்தைய இரண்டு வருடம் கிராபிக்ஸ் கார்டுக்கு எங்கும் பஞ்சம். எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டுவதற்காக ஆளாளுக்குக் கார்டுகளை வரிசையாக அடுக்கி இரவு பகலாக ஓட்டிக்கொண்டிருந்தார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தன் முறையையே மாற்றிக்கொண்டது. கார்டு வைத்துத் தோண்டுகிற வேலை அன்றோடு முடிந்தது. உலகம் முழுக்க அத்தனை கார்டும் செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வந்து இறங்கியது. நானும் போய் நின்றேன்.

"இது மைனிங்ல ஓடின கார்டா?"

"சார், சத்தியமா இல்ல சார். ஒரு பையன் வீட்ல வெச்சிருந்தது. எக்ஸெல் மட்டும்தான் போட்டுக்கினு இருந்தான்."

எக்ஸெல் போட எட்டு ஜிபி கிராபிக்ஸ் கார்டு வாங்கிய அந்தப் பையன் எங்கிருந்தாலும் வாழ்க. அவனிடம் அதே மாடலில் இருபது கார்டு இருந்தது என்பது கண்ணாடி அலமாரியைப் பார்த்தபோது தெரிந்தது. நிறைய கணக்கு வழக்கு போலிருக்கிறது. வாங்கி வந்து, பழைய தெர்மல் பேஸ்டைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட்டு, ஃபேனில் இருந்த தூசியை எடுத்தேன். இன்றுவரை ஓடுகிறது.

வெப்பத்தைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இந்த விமரிசன வீடியோக்காரர்கள் கனடாவிலோ இங்கிலாந்திலோ உட்கார்ந்துகொண்டு, அறை வெப்பம் 21 டிகிரி, பிராசஸர் 68 டிகிரி, அருமையான கூலர் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ஃபேன் வைத்த கூலரானாலும் தண்ணீர் ஓடுகிற கூலரானாலும், சுற்றியிருக்கிற காற்றின் வெப்பத்துக்குக் கீழே எதையும் இறக்க முடியாது. உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து அறைக்குள் விடுவது மட்டுமே அதன் வேலை. மதுரையில் அக்கினி நட்சத்திரத்தில் மாடி அறை 39 டிகிரியில் நிற்கும். அந்த 21க்கும் இந்த 39க்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக்கொண்டால் 68 என்பது 86. விமரிசகர் அருமை என்று சொன்ன கூலர் என் அறையில் முனகுகிறது. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எந்தக் கம்பெனியாக இருந்தாலும் மே மாதம் நடுப்பகலில், கரண்ட் இருக்கிறபோது, எங்கள் மொட்டைமாடிக்குக் கீழ் அறையில் ஒரு முறை சோதித்துவிட்டு பெட்டியில் நட்சத்திரம் ஒட்டட்டும்.

இதில் கேபினட்டுக்குக் கண்ணாடிக் கதவு வேறு. உள்ளே பச்சை, ஊதா, ரோஸ் கலரில் ரேமும் ஃபேனும் மினுங்கவேண்டுமாம். மருமகன் பெட்டியைப் போட்டால் சித்திரைத் திருவிழா தோற்றது. காற்றுப் போக வழியில்லாமல் முன்பக்கமும் கண்ணாடி. ஆனால் ஃபேன் மட்டும் ஏழு. எங்கிருந்து எதை இழுக்கின்றன என்பது அவற்றுக்கே வெளிச்சம். அதுதான் ஏராளமாக இருக்கிறதே.

போன தீபாவளிக்கு அவன் எட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினான். டக் டக்கென்று சத்தம் போடும். "இந்த ஃபீல் வேற எதுலயும் வராது மாமா." மாப்ளே, மருந்துக்கடை பில் போடுகிற இடத்தில் மஞ்சள் பூத்துப்போய்க் கிடக்கிற டிவிஎஸ் கோல்டு கீபோர்டைத் தட்டிப் பார்த்திருக்கிறாயா? அதுவும் மெக்கானிக்கல் ஸ்விட்ச்தான். விளக்கு எரியாது, எழுத்து அழியும், பட்டன் சாகாது. பில் போடுகிற அந்தப் பெண் நிமிஷத்துக்கு எத்தனை தட்டு தட்டுகிறார் என்று எண்ணிப் பார்த்தால் உன் கேமிங் நண்பர்கள் ஊரைவிட்டே ஓடிவிடுவார்கள்.

இந்தப் பொறுமை எனக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. 2012இல் வந்தது. அந்த வருடம் தென்மாவட்டங்களில் வசித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. கரண்ட் ஒரு மணி நேரம் இருக்கும், ஒரு மணி நேரம் போகும். நான் அப்போது ஐஜிஐ ஆடிக்கொண்டிருந்தேன். அது 2000இல் வந்த கேம். என் கணக்குப்படி பன்னிரண்டு வருடம் ஊறியிருந்தது. அதில் ஒரு மிஷனுக்கு நடுவே சேவ் செய்ய முடியாது. முள்வேலி தாண்டி, கேமராவுக்குத் தப்பி, காவல் கோபுரத்தில் நிற்கிறவனைச் சத்தமில்லாமல் சுட்டு, கடைசிக் கதவுக்கு வந்து சேரும்போது ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கேமில் வரும் ரஷ்ய ராணுவத்தால் முடியாததை மின்வெட்டு செய்யும். யுபிஎஸ் கீச் கீச்சென்று கத்தும். பாட்டரி நல்ல நிலையில் இருந்தால் ஐந்து நிமிடம் கிடைக்கும். யாருடைய யுபிஎஸ் பாட்டரி நல்ல நிலையில் இருந்திருக்கிறது? கட்டபொம்மனின் வாரிசுகள் என்று மார்தட்டுகிறவர்கள் அந்த வருடம் பொறுமையில் புத்தரைத் தாண்டினோம்.

விண்டோஸ் விஷயத்தில் என் கட்சியின் சாதனைப் பட்டியல் நீளமானது. எக்ஸ்பியில் உட்கார்ந்தபடியே 2007இல் வந்த விஸ்டாவைப் போகவிட்டேன். ஏழில் உட்கார்ந்தபடி, ஸ்டார்ட் பட்டனையே தூக்கிக் கடாசிய எட்டைப் போகவிட்டேன். பத்தில் அமர்ந்தேன். 2025 அக்டோபர் 14 அன்று பத்துக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோதுதான் சிக்கல். பதினொன்றுக்கு டிபிஎம் 2.0 சில்லு வேண்டும், இன்ன தலைமுறைக்குப் பிந்திய பிராசஸர் வேண்டும் என்று நிபந்தனை. மீட்டிங் ரூம் 3 தகுதி பெறவில்லை. நல்ல நிலையில் ஓடுகிற பெட்டியை, கதவில் நிற்கிறவர் கேட்ட அடையாள அட்டை இல்லை என்பதற்காகக் குப்பைக்கு அனுப்பச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. லினக்ஸ் மிண்ட் போட்டுவிட்டேன். அதிலும் பிந்தியவனுக்கே லாபம்: வால்வ் கம்பெனி 2018இல் புரோட்டான் என்ற ஒன்றை வெளியிட்டது, விண்டோஸுக்காக எழுதிய கேம்களை லினக்ஸில் ஓடவைக்க. 2022இல் ஸ்டீம் டெக் வந்த பிறகு அது நன்றாகவே தேறிவிட்டது. பல வருடம் பலர் பட்ட பாட்டின் மேல் நான் இரண்டு கிளிக்கில் ஏறி உட்கார்ந்தேன். லினக்ஸ் போட்டவனால் அதை ஊருக்குச் சொல்லாமல் இருக்க முடியாது என்று ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம் என்று சொல்ல நினைத்தேன். இந்தப் பத்தி இடம் கொடுக்கவில்லை.

எங்கள் கட்சியின் நிரந்தரத் தலைவர் என் மாமனார். கருவூலத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். அவருடைய கம்ப்யூட்டரில் இன்னும் எக்ஸ்பி. இணைய இணைப்பு கிடையாது, ஆகவே வைரஸும் கிடையாது. காலையில் பேப்பர் படித்து முடித்ததும் ஃப்ரீசெல் சீட்டாட்டத்தைத் திறப்பார். அதில் பத்து லட்சம் ஆட்டம் எண் போட்டு வைத்திருக்கிறது. அவர் ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாக வருகிறார். முடித்ததை லெட்ஜரில் எழுதி டிக் அடிக்கிறார். உலகத்தில் கேமர் என்ற சொல்லுக்குத் தகுதியான ஒரே ஆள் அவர்தான் என்பேன். அவரிடம் போய் யாராவது அப்படிச் சொன்னால் கோபித்துக்கொள்வார். சூதாடி என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார்.

ஒரு நாள் அவருக்கு ஒரு தகவல் சொன்னேன். அதில் முதல் 32,000 ஆட்டத்தையும் தொண்ணூறுகளிலேயே இணையத்தில் ஆர்வலர்கள் பங்கு பிரித்துக்கொண்டு ஆடிப் பார்த்துவிட்டார்கள். எல்லாம் முடிந்தது, ஒன்றே ஒன்றைத் தவிர. "11982 மட்டும் யாராலயும் முடியலையாம் மாமா. கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் போட்டுப் பார்த்தும் வழியே இல்லையாம். அந்த நம்பர் வந்தா விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாப்ள, இதுக்கு வழியில்லைன்னு மேல எழுதி வந்த ஃபைல் எத்தனைய நான் முடிச்சுக் குடுத்திருக்கேன் தெரியுமா?" அன்று வரிசையை மீறி நேராக 11982ஐத் திறந்தார். இன்னும் அதில்தான் இருக்கிறார்.

பிந்துவதில் நஷ்டமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆன்லைனில் பலர் சேர்ந்து ஆடுகிற கேம்களுக்கு எங்கள் கொள்கை உதவாது. கவுன்டர் ஸ்ட்ரைக்கில் இன்றைக்குப் புதிதாக நுழைந்தால், நான் துப்பாக்கியை எந்தப் பட்டனில் எடுப்பது என்று தேடுவதற்குள் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் சுட்டுவிட்டு, என் குரலைக் கேட்டதும் "சாரி அங்கிள்" என்கிறான். சாவதைவிட அந்த மரியாதை வலிக்கிறது. கான்கார்ட் என்று ஒரு கேம் 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியானது. செப்டம்பர் 6 அன்று சர்வரை நிறுத்திப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தள்ளுபடி எப்போது வரும் என்று நான் யோசிக்க ஆரம்பிப்பதற்குள் பதினாறாம் நாள் காரியமே முடிந்தது. தி க்ரூ என்ற கார்ப் பந்தயத்துக்கு 2024 மார்ச்சோடு சர்வரை அணைத்தார்கள்; காசு கொடுத்து வாங்கியவர்களும் அதற்குப் பிறகு ஆட முடியவில்லை. டியூக் நியூகெம் ஃபாரெவர் எதிர்த் திசையில் ஒரு பாடம். 1997இல் அறிவித்து 2011இல் வந்தது. பதினான்கு வருடம் எல்லோரையும் பிந்தவைத்துவிட்டு, பிந்தியும் நன்றாக இல்லை.

ஆனாலும் கம்ப்யூட்டர் பாகங்களில் பிந்தினவன் கெட்டதில்லை என்று தைரியமாகப் பேசிக்கொண்டிருந்தேன். இன்று பத்தாயிரத்துக்கு விற்கிற ரேம் நாளை ஆறாயிரம், நாளன்றைக்கு நாலாயிரம். ஒரு சில்லில் அடைக்கிற டிரான்சிஸ்டர்கள் இத்தனை வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று கார்டன் மூர் 1965இல் சொன்னதை நான் பொருளாதார அறிவுரையாகவே எடுத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன். மீட்டிங் ரூம் 3க்கு இன்னும் ஒரு எட்டு ஜிபி ரேம் தேவைப்பட்டது. 2025 தொடக்கத்தில் மருமகன் புது கம்ப்யூட்டர் கட்டி, 32 ஜிபி டிடிஆர்5 போட்டபோது, "நீங்களும் ஒண்ணு வாங்கிப் போட்டுருங்க மாமா, இப்ப சீப்பா இருக்கு" என்றான். இன்னும் குறையும் மாப்ள, பொறு என்றேன்.

2025 முடிவதற்குள் ரேம் விலை இரட்டிப்புக்கும் மேலே போய்விட்டது. செயற்கை நுண்ணறிவுக்காக மாட மாளிகையாகக் கட்டுகிற டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை லாரி லாரியாக அள்ளிக்கொண்டு போகின்றன. அவர்கள் கேட்கிற உயர்ரகச் சில்லில் லாபம் அதிகம் என்பதால் தொழிற்சாலைகளும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டன. மைக்ரான் கம்பெனி, என்னைப் போன்றவர்கள் வாங்குகிற க்ரூஷியல் ரேம் வியாபாரத்தையே மூடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து, ஒட்டகம் பரோட்டா சாப்பிடுகிற படம் ஒன்று வரைந்து கொடு என்று கேட்கிறார். அதற்கு நான் மதுரையில் ரேம் இல்லாமல் இருக்கவேண்டியிருக்கிறது. டிடிஆர்4 பழசுதானே, அதை யார் சீண்டப்போகிறார்கள் என்று இருந்தேன். அதுவும் ஏறியது. ரிச்சி தெருவில் தெரிந்த கடைக்கு ஃபோன் போட்டால், "இன்னிக்கு ரேட் பன்னண்டு மணிக்கு மேலதான் சார் சொல்ல முடியும்" என்கிறார். தங்கத்துக்குத்தான் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. மருமகனின் முந்தைய கம்ப்யூட்டர் டிடிஆர்4. அதிலிருந்து கழற்றிய எட்டு ஜிபி ரேம் ஒன்று அவன் பீரோவில், பழைய ஸ்கூல் ஐடி கார்டுக்குப் பக்கத்தில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். போகும்போது அவனுக்குப் பிடித்த முந்திரி பக்கோடா வாங்கிக்கொண்டேன். செமஸ்டர் எப்படி, ஆறாம் பாகம் எப்போது வருகிறது என்றெல்லாம் விசாரித்தேன். ஷேடர் கம்பைல் ஆகிற நேரத்தில் ஒரு மனிதன் எவ்வளவு தனிமையாக உணர்வான் என்று சிலாகித்துப் பேசினேன். பிறகு, அந்தப் பழைய ரேம் சும்மாதானே கிடக்கிறது, என்ன விலை சொல்கிறாய் மாப்ள என்று கேட்டேன்.

பையன் பக்கோடாவை மென்றபடி ஃபோனில் ரேட்டைப் பார்த்தான்.

"விக்கிற ஐடியா இருக்கு மாமா. ஆனா அவசரப்பட வேண்டாம்னு பார்க்கிறேன். இன்னும் கொஞ்சம் ஏறட்டும், பொறுங்க."